பெரட்டும் பப்பாளிக் குழலும்

மலாயாவில் பாலோ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ரபேல் பெயர் கூப்பிட்டால், பல மைல் தள்ளிச் சிம்பாங் ரெங்கத்தில் தூங்குகிறவனும் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொள்வான். இதை நான் சொல்லவில்லை, ரபேலே சொன்னார். அவர் பொய் சொல்லாதவர் என்பதையும் அவரேதான் சொன்னார்.

அந்தக் குரலை 1918-இல் வந்த இன்புளுயன்சா கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் இறங்கி மாதங்கள் ஆகியும், கிணற்றடிவரை நடந்தால் உட்கார்ந்துவிடுவார். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டைச் சின்னக் கிராணி தங்கராஜு பார்த்துக்கொண்டார்.

“ஈஸ்டர் முடிந்ததும் ரபேல் கூப்பிடட்டும். நான் வராண்டாவில் நின்று பார்ப்பேன். சரிப்படாவிட்டால் பெரட்டு தங்கராஜுக்கு, அரிசி ஸ்டோர் ரபேலுக்கு” என்று துரை தீர்ப்புச் சொல்லிவிட்டார். அரிசி மூட்டையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்காதே என்பது ரபேலின் கவலை.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மரியநாதனிடம் இதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. மருந்துப் புட்டியில் தண்ணீர் ஊற்றி, பப்பாளி இலைக் காம்பை அதில் விட்டு, மெதுவாக, நீளமாக ஊத வேண்டும். நுரையீரல் பழையபடி விரியுமாம். நோயிலிருந்து எழுந்தவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, மழைக்காலத் தவளைகளைப் போலக் களகளவென்று ஊதிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன டிரெஸ்ஸரே, இது ஆஸ்பத்திரியா, புள்ளைங்கள விடுற ஆயாக்கொட்டாயா? தொட்டில் எங்கே?” என்றார் ரபேல்.

“நீங்களும் ஊதுங்க ரபேல். வாய் சும்மாதானே இருக்கு?”

“எனக்கு மூச்சுவிடக் கத்துக்கொடுக்கிறீங்களா? ஞானஸ்நானத்தன்னிக்கு நான் அழுத அழுகையில சாமியாருக்கே காது அடைச்சுப்போச்சுன்னு எங்கம்மா சொல்வாங்க.”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் வழியில் பல இடங்களில் தங்கி இளைப்பாறினார்.

பெஞ்சின் கோடியில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் அங்கம்மா ஊதினாள். புட்டித் தண்ணீர் தெறித்து ரபேலின் கோட்டில் விழுந்தது.

“அலமாக்! மன்னிச்சுக்குங்க கிராணி ஐயா. மூச்சு கொஞ்சம் கூடிப்போச்சு.”

ரபேல் கோட்டைத் துடைத்துக்கொண்டு வெளியேறினார்.

ஈஸ்டருக்குப் பிறகு வந்த முதல் பெரட்டு. துரை தூரத்து வராண்டாவில் கைகட்டி நின்றார். ரபேல் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, “அர்ச்சுனன்!” என்றார். குரல் முதல் வரிசைவரை போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

“இருக்கேன் ஐயா!” என்று அர்ச்சுனன் கர்ஜித்தான்.

அடுத்த பெயருக்கு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆனாலும், “இருக்கேன் ஐயா!” என்று பின்வரிசை முழங்கியது. பல வருஷமாக அதே வரிசை. யாருக்குப் பின் தன் பெயர் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். ரபேல் மூச்சு வாங்க நின்றபோதும் பதில்கள் நிற்கவில்லை. லெட்சுமணன், தன் பெயர் அவர் மனதில் வருவதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டான். காய்ச்சலில் செத்துப்போனவர்களின் இடம் வந்தபோது மட்டும் வரிசை ஒரு கணம் தயங்கியது, பிறகு மேலே போயிற்று. ரபேல் பதில்களைத் துரத்திக்கொண்டே கடைசிவரை உதடசைத்தார்.

“நல்லது, குரல் பழையபடிதான் இருக்கிறது” என்று துரை காப்பி குடிக்கப் போனார். தங்கராஜு அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரட்டு கலைந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு போன அங்கம்மாவை ரபேல் மறித்தார்.

“ஏன் புள்ள இப்படிச் செஞ்சீங்க?”

“உங்கமேல பாசம்னு நெனச்சுக்காதீங்க ஐயா. கொஞ்சம் தாமதமானா தங்கராஜு ஐயா அரைப்பேரு போட்டு, பாதிக் கூலியப் புடிச்சிடுறாரு. நீங்க வாய் வலிக்கத் திட்டுவீங்க, ஆனா முழுப்பேரு போட்டுருவீங்க.” கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள். “அதுக்காக உங்களுக்கும் சேத்து எத்தன நாளைக்கு நாங்களே கத்துறது? எங்களுக்கும் காய்ச்சல் வந்து போன ஒடம்புதானே?”

காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் ரபேல் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

சாயங்காலம் அவர் மனைவி பியாட்ரிஸ், உலை பொங்குகிற சத்தம் கேட்டுக் குசினிக்கு ஓடினார். அடுப்பு மூட்டியே இருக்கவில்லை. சத்தம் கொல்லையிலிருந்து வந்தது. இலை குறைந்து நின்ற பப்பாளி மரத்தடியில், யாரும் பார்த்துவிடாதபடி வேலியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் ரபேல். கையில் மருந்துப் புட்டி.

“என்னங்க செய்றீங்க?”

அவர் பப்பாளிக் காம்பு வழியாகப் புட்டித் தண்ணீரில் இன்னும் நீளமாக ஊதினார். வாய் சும்மா இல்லை.