பத்தொன்பது பொய் அழைப்புகள்

புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்த முதல் வாரத்திலேயே பத்தொன்பது பொய் அபாய அழைப்புகளைத் தடுத்துவிட்டதாக பெங்களூர் நிறுவனம் தன் பக்கத்தில் எழுதியிருந்தது. கீழே வரிசையாகக் கைதட்டும் படங்கள், வாழ்த்துகள். காசிமேடு துறைமுகத்தின் வயர்லெஸ் அறை வாசலில் நின்றபடி ஷாலு அதைக் கைப்பேசியில் படித்தாள். காற்று அவள் துப்பட்டாவை இழுத்து அவள் முகத்திலேயே அறைந்தது.

துறைமுகத்துக்குள் கட்டியிருந்த விசைப்படகுகளே ஒன்றோடொன்று முட்டி முனகிக்கொண்டிருந்தன. வெளியே கடல் எப்படியிருக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. தாழ்வு மண்டலம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வலுத்துவிட்டது. கரைக்குத் திரும்பச் சொல்லி நேற்றே எச்சரிக்கை. போன படகுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்துகொண்டிருந்தன. அவள் தம்பி வெற்றி ஓட்டிப்போன படகு மட்டும் வரவில்லை. அதில் அவனோடு சேர்த்து ஏழு பேர்.

"எதுனா கேட்டுச்சா நிலவா?"

வயர்லெஸ் பார்க்கும் நிலவன் காதுக்கருவியைக் கழுத்துக்கு இறக்கினான். "இல்லக்கா. காலைலேர்ந்து கூப்ட்டுகினே கீறேன். எட்டாத தூரத்துல கீறான் போல. நீ ஏன்க்கா பேஜாராவுற? உங்க டப்பா கீதுல்ல. எதுனா ஒண்ணுன்னா அமுக்கியிருக்க மாட்டானா?"

உங்க டப்பா. அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். ஷாலு கைப்பேசித் திரையை அணைத்தாள்.

டப்பா என்று துறைமுகம் முழுக்க அழைத்த அந்தச் சின்னக் கருவிக்குள் ஓடும் இயங்குதளத்துக்குக் 'கரைவிளக்கு' என்று பெயர். ஒக்கிப் புயலுக்கு அடுத்த வருஷம் அதைத் தொடங்கிய இரண்டு பேரில் ஷாலு ஒருத்தி. ராயபுரத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் எழுதினாள். இன்னொருத்தி குளச்சல்காரி ஷிஜி. ஒக்கியில் தாய்மாமனைப் பறிகொடுத்தவள். இருவரும் நேரில் பார்ப்பதற்கு முன்பே மூன்று வருஷம் சேர்ந்து வேலை செய்திருந்தார்கள். நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை. நார்வேயிலிருந்து ஒருவர் ஒரு பிழையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். பழவேற்காட்டு பாலிடெக்னிக் பையன் ஒருவன் இன்னொன்றை. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் அக்கம்பக்கத்துப் படகுகளின் டப்பாக்களும் கரையில் வயர்லெஸ் அறையில் உள்ள டப்பாவும் ஒரே நேரத்தில் அலறும். அவ்வளவுதான் அதன் முக்கியமான வேலை.

பிறகு பெங்களூரிலிருந்து கப்பல் கருவிகள் செய்யும் ஒரு பெரிய நிறுவனம் வந்தது. செயற்கைக்கோள் செலவை ஏற்றுக்கொண்டது, சர்வர் கொடுத்தது, சம்பளத்துக்கு ஆள் வைத்து வேலையை வேகப்படுத்தியது. எதையும் பிடுங்கிக்கொள்ளவில்லை; கேட்டுக் கேட்டுத்தான் வாங்கியது. திட்டம் வளர்ந்துவிட்டது, முறையான நிர்வாகக் குழு வேண்டும் என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. ஐந்து இடங்களில் மூன்று அவர்களுக்குப் போயிற்று, மீதி இரண்டு ஷாலுவுக்கும் ஷிஜிக்கும். அடுத்த வருஷம் ஷிஜியும் அவர்களிடமே வேலைக்குச் சேர்ந்தாள்.

அபாய அழைப்பு நேராகப் படகுகளுக்குப் போகக்கூடாது, முதலில் நிறுவனத்தின் சர்வருக்கு வர வேண்டும், அது சரிபார்த்து நிஜம் என்று தெரிந்தால் மட்டுமே வெளியே விட வேண்டும் என்ற மாற்றம் வந்தபோது ஷாலு எதிர்த்து எழுதினாள். பொய் அழைப்புகளால் பெரிய கப்பல் கம்பெனிகள் டப்பாவை வாங்கத் தயங்குகின்றன என்பது அவர்கள் வாதம். மூழ்குகிறவன் யாரிடம் அனுமதி கேட்பான் என்பது இவள் கேள்வி. "உங்கள் அக்கறைக்கு நன்றி. இதற்குத் தரவு ஏதேனும் இருந்தால் பகிரவும்" என்று குழுத் தலைவர் பணிவாகப் பதில் போட்டார். அவளிடம் தரவு இல்லை. ஓட்டெடுப்பில் நாலுக்கு ஒன்று. பிடிக்காதவர்கள் நிரலை எடுத்துக்கொண்டு தனியாகப் போகலாம், அது எல்லோருக்கும் சொந்தம்தானே என்றும் தலைவர் எழுதியிருந்தார். அதுவும் உண்மைதான். ஆனால் கடலில் இருக்கும் டப்பாக்கள் நிறுவனத்தின் முத்திரை உள்ள நிரலை மட்டும்தான் ஏற்கும். அந்த முத்திரையை எப்போது விட்டுக்கொடுத்தோம் என்று யோசித்தால் ஷாலுவுக்கு ஒரு தேதிகூட நினைவுக்கு வராது.

போன வாரம், படகுகள் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கரையிலேயே எல்லா டப்பாவிலும் அந்த மாற்றம் இறங்கிவிட்டது. படகில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

ஷாலு சுவரோரம் ஒதுங்கி ஷிஜியை அழைத்தாள்.

"ஷிஜி, எங்க தம்பி போட்டு இன்னும் வரல. அது ஏதாவது அனுப்பிச்சுதான்னு பாத்துச் சொல்லு."

"ஷாலு, அது நான் பாக்கப்பிடாது, கேட்டியா. இப்ப அதெல்லாம் வாடிக்கையாளர் தகவல்னு பூட்டி வச்சிருக்கு. யாரு தொறந்தாலும் பேரு பதிவாவும்."

"வாடிக்கையாளரா? என் தம்பிடி அவன்."

"தெரியும்." பெருமூச்சு. விசைப்பலகைச் சத்தம். "அவனுக்க படகு பேர்ல ஒண்ணுமே இல்ல. டப்பாவே ஓடல. பத்து நாளா அணைஞ்சு கெடக்கு."

"பத்து நாளா? அவன் போயே ஆறு நாள்தான் ஆச்சு."

"அப்பிடித்தான் காட்டுது."

ஷாலு போனை வைத்தாள். டப்பாவே இல்லாமலா போனான்? பொத்தானை அமுக்கக்கூட ஒன்றுமில்லாமல், எட்டாத தூரத்தில், இந்தக் காற்றில்?

ஏலக்கூடத்தின் தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது. அதன் கீழே காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அவள் அம்மா முத்தம்மா உட்கார்ந்திருந்தாள். இன்று விற்க மீன் இல்லை. ஆனாலும் விடியலில் வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்தில் மாரியப்பன் நின்று பீடியைப் பற்றவைக்கப் பார்த்துக் காற்றிடம் தோற்றுக்கொண்டிருந்தார். இன்ஜின் கோளாறில் கரையேற்றிய அவர் படகு, இரண்டு வாரமாகப் பழுது பார்க்கும் மேட்டில் கிடக்கிறது.

"இன்னாடி மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றாள் முத்தம்மா.

"எம்மா, அவன் டப்பா எடுத்துகினு போவலியா?"

"டப்பா இல்லாம எவன்டி போவான்? அதெல்லாம் கீது."

"அவன் டப்பா அணைஞ்சு கெடக்குதாம்மா."

"அது தண்ணி பூந்து கெட்டுப் பூட்ச்சிம்மா," என்றார் மாரியப்பன். "வூட்ல பரண்மேல கெடக்கும். நீ அத்த நென்ச்சு பயப்படாத ஷாலு. என் போட்டு சும்மாதானே நிக்கிது, என் டப்பாவக் கழட்டிக் குட்த்துட்டேன். ஷோக்கா வேலை செய்யும்."

"அவரு டப்பாவ அவரே மெச்சிக்குவாரு," என்றாள் முத்தம்மா. "பொண்ணு குடுத்த மாரி பேசுறாரு பாரு."

"பின்ன? வலை குட்த்தா பீத்துகினு வர்றான், ஐஸ் பெட்டி குட்த்தா ஒட்ச்சிகினு வர்றான். டப்பாவ மட்டும் பத்திரமா கொண்டாருவான், அக்கா செஞ்சதுன்னு."

ஷாலு பழுது பார்க்கும் மேட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

படகு நின்றால் அதன் சாமான்கள் நிற்பதில்லை. காசிமேட்டில் அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பழுதில் கிடக்கும் படகின் வலையும் பம்பும் விளக்கும் ஓடுகிற படகுக்குப் போகும். அது நின்றால் இது திருப்பித் தரும். யாரும் எழுதி வைப்பதில்லை, சொல்லிக்கொள்வதுகூட இல்லை. டப்பாவும் அப்படியே கை மாறும் என்று அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயம். அதனாலேயே குழுவில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தரவு கேட்டார்கள். தரவு இதுதான். ஒரு டப்பா ஒரே படகுக்குச் சொந்தம் என்று பெங்களூரில் முடிவு செய்திருந்தார்கள். துறைமுகப் பதிவேட்டைப் பார்த்துச் சரிபார்க்கும் நிரலின் முதல் கேள்வியே, இந்தப் படகு கடலுக்குப் போயிருக்கிறதா என்பதுதான். இல்லை என்றால், அழைப்பு எங்கிருந்து வந்தது என்றுகூடப் பார்க்காமல் மூடிவிடும்.

மாரியப்பனின் படகு போகவில்லை. அதோ மேட்டில், அடிப்பலகையைக் காட்டிக்கொண்டு, ஊர் பார்க்க நிற்கிறது.

"மாமா, உங்க போட்டு பழுதுல கீதுன்னு துறைமுகத்துல சொல்லிட்டீங்களா?"

"சொல்லாமயா? பதிஞ்சாச்சே. இன்னாம்மா கேக்குற?"

அவள் அதற்குள் கைப்பேசியில் எண்ணை அழுத்தியிருந்தாள். ஷிஜி இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"ஷிஜி, மாரியப்பன் போட்டு பேர்ல பாரு."

"ஷாலு, எனக்க வேலை போவும். ஏற்கெனவே ஒரு தடவ தொறந்தாச்சு. மேனேஜர் இப்பவே செய்தி அனுப்பிட்டாரு, எதுக்குப் பாத்தன்னு."

"நீ எதுக்கு இத்த எழுத ஆரம்பிச்சேன்னு ஞாபகம் கீதா?"

அதைச் சொன்னது கொடுமை என்று சொன்ன பிறகே தெரிந்தது. விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"ஷிஜி."

"மூணு தடவ அமுக்கியிருக்கு." ஷிஜியின் குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. "முதல் தடவ காலம்பற. 'படகு துறைமுகத்தில் உள்ளது, பொய் அழைப்பு'ன்னு போட்டு மூடியிருக்கு. மூணையும்."

"டப்பாவுல என்ன காட்டும் அவங்களுக்கு?"

"'செய்தி சேர்ந்தது'ன்னு காட்டும்."

செய்தி சேர்ந்தது. அதைப் படித்துவிட்டுக் காலையிலிருந்து ஏழு பேர் கரைப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்கா செஞ்ச டப்பா, வந்துருவாங்கடா என்று வெற்றி மற்றவர்களுக்குத் தைரியம் சொல்லியிருப்பான்.

"இடத்தைச் சொல்லு. கடைசியா எங்க?"

"ஷாலு..."

"சொல்லு ஷிஜி!"

ஷிஜி எண்களைச் சொன்னாள். ஷாலு உரக்கத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வயர்லெஸ் அறைக்கு ஓடினாள். ஒரு எண் தவறினாலும் வேறு கடல். நிலவன் கேள்வி கேட்கவில்லை. ஒரு கையால் கடலோரக் காவல் படைக்குப் போன் போட்டான், மறு கையால் வயர்லெஸ்ஸைத் திறந்து திரும்பி வந்துகொண்டிருக்கும் படகுகளைக் கூப்பிட்டான். கரையிலிருந்து எட்டாத இடத்துக்கு, ஒரு படகு கேட்டு அடுத்த படகுக்குச் சொல்ல வேண்டும், அது அதற்கடுத்ததற்கு. போன வாரம்வரை டப்பாக்கள் ஒரு நொடியில் செய்துகொண்டிருந்த வேலை.

"எண்ணூருக்குக் கெழக்க கீற போட்டுங்கல்லாம் கேட்டுக்கோ... வெற்றி போட்டு டேஞ்சர்ல கீது... நம்பர் சொல்றேன், வாங்கிக்கோ..."

இரைச்சல். இரைச்சலுக்குள் ஒரு குரல் எண்களைத் திருப்பிச் சொன்னது. தப்பாகச் சொன்னது. நிலவன் கத்தித் திருத்தினான். "ரெண்டு போட்டு திரும்புதுக்கா," என்றான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு. கரைக்கு வந்துகொண்டிருந்தவர்கள், மறுபடி கடலுக்குள். அவர்கள் வீட்டுப் பெண்களும் அந்தத் தகரக் கூரையின் கீழேதான் நின்றார்கள். ஒருத்தி வயர்லெஸ் அறை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "எம்புருசன் போட்டா திரும்புது?" என்று கேட்டாள். நிலவன் தலையாட்டினான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறில்லை. முத்தம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவே இல்லை. மாரியப்பன் மட்டும் மறுபடி மறுபடி, "நான் குடுக்காம இருந்திருக்கணுமா ஷாலு? நான் குடுத்ததாலயா?" என்று கேட்டார். "இல்ல மாமா, நீங்க செஞ்சது சரி," என்றாள். அவருக்கு அது போதவில்லை. அவளுக்கும் போதவில்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது வயர்லெஸ்ஸில் இரைச்சல் உடைந்தது. பல படகுகளின் வாய் மாறி வந்த சேதி.

"...போட்டு கவுந்து கெடக்குது... மேல ஆளுங்க கீறாங்க... எண்ணிகினு கீறோம்..."

நிலவன் ஒலியை முழுதாகக் கூட்டிவைத்தான்.

"...ஏழு... ஏழு பேரும் கீறாங்க... உங்க வெற்றிப் பையன், டப்பாவ நெஞ்சோட கட்டிகினு உட மாட்றான்..."

முத்தம்மா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே, "வரட்டும் அந்தக் கழுத, செவுள்லயே குடுக்குறேன்," என்றாள். வெளியே பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். நிலவன் வயர்லெஸ்ஸில் எல்லாப் படகையும் பெயர் சொல்லித் திட்டிக் கொஞ்சினான்.

ஷாலு கைப்பேசியைப் பார்த்தாள். அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. ஷிஜி இவ்வளவு நேரமும் மறுமுனையில் இருந்திருக்கிறாள்.

"கெடச்சாச்சு ஷிஜி. ஏழு பேரும்."

ஷிஜி விசும்பினாள். மாதாவே என்றாள். ஷாலுவின் கண்ணில் காலையில் படித்த வரி வந்து நின்றது. வெற்றி மூன்று தடவை அமுக்கியிருக்கிறான். ஆனால் அவன் அமுக்கியது இன்றைக்கு. நிறுவனம் எழுதியது நேற்றுவரைக்குமான கணக்கு.

அந்தப் பத்தொன்பதில் அவன் இல்லை.

"ஷிஜி," என்றாள் மெதுவாக. "அந்தப் பத்தொன்பது யாரு?"

"நானும் அதத்தான் பாத்துட்டிருக்கேன்." ஷிஜி மூக்கை உறிஞ்சினாள். "சிலது வெளயாட்டுக்கு அமுக்குனதுதான், தெரியுது. ஆனா இது ஒண்ணு ராமேஸ்வரம் படகு. 'படகு துறைமுகத்தில் உள்ளது'ன்னுதான் இதுக்கும் போட்டிருக்கு. அஞ்சு தடவ அமுக்கியிருக்கு ஷாலு. மூணு நாளைக்கு முன்ன. கடைசி எடம்..."

"சொல்லு, நிலவன் எழுதிக்குவான்."

விசைப்பலகை ஒருமுறை தட்டப்பட்டது. இன்னொருமுறை. பிறகு வேகவேகமாக.

"உள்ள விடமாட்டேங்குது," என்றாள் ஷிஜி. "ஷாலு, என்னைய வெளிய தள்ளியாச்சு."

துறைமுகமே சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தது. ஷாலு நிலவனின் தோளைத் தொட்டாள். அவன் மலர்ந்த முகத்தோடு திரும்பினான்; அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு அடங்கியது.

"ராமேஸ்வரத்துல வயர்லெஸ் பாக்குறவங்க நம்பர் உங்கிட்ட கீதா?"