லார்யேயின் இடது கை

ஹோமோவோ அறுவடைத் திருவிழா விருந்துக்கு மறுநாள், காலை ஏழு மணி. அக்ராவின் குத்துச்சண்டைப் பேட்டையான புக்கோமில் அன்று யாரும் கோபத்தை வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது. வருடம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் ஒருவர் வாசலில் ஒருவர் போய் நின்று, நீண்ட ஆயுள் வேண்டும் என்று வாழ்த்திவிட்டு வர வேண்டும். ஓடோய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு லார்யேயின் வீட்டுக்குப் போனான். எட்டு வருடமாக அவன் கால் வைக்காத வீடு.

எட்டு வருடத்துக்கு முன்னால் குத்துச்சண்டை மேடையில் லார்யேயைச் சாய்த்துப் பட்டத்தை வாங்கியவன் அவன். அதுவரை லார்யேயை யாரும் சாய்த்ததில்லை. அந்த ஓர் இரவை வைத்துத்தான் ஓடோயின் பெயர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வரும் அக்டோபரில் ஒரு இளைஞனோடு அவனுக்குச் சண்டை. சுவரொட்டியில் 'லார்யேயை வென்றவன்' என்று போட்டிருந்தார்கள். சந்தை மூலையில் ஒட்டியிருந்ததில் யாரோ கரித்துண்டால் முன்னே ஒரு சொல் சேர்த்திருந்தார்கள்: 'கிழட்டு'.

லார்யேயின் முற்றத்தில், அவர் அன்று ஏன் தோற்றார் என்ற வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. கவிழ்த்த அலுமினியப் பாத்திரத்தின் மேல் டாக்ஸி ஓட்டும் சோவா உட்கார்ந்திருந்தான். லார்யேயின் அக்கா டெடே நேற்றைய விருந்தில் மிஞ்சிய க்போக்போய் என்ற சோள மாவுப் பண்டத்தைச் சூடாக்கி, செம்பனைப் பழக் குழம்பு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். லார்யே குட்டை முக்காலியில் உட்கார்ந்து, வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முப்பத்தாறு வயசு!" என்றான் சோவா. "டாக்ஸியா இருந்தா அந்த வயசுல பழைய இரும்புக்குப் போட்டிருப்பேன். இவரைக் கொண்டுபோய் மேடையில ஏத்துனாங்க."

"வயசும் இல்ல, மண்ணும் இல்ல," என்றாள் டெடே. "எந்தக் கூறுகெட்டவன் ஹோமோவோ முடிஞ்ச அடுத்த வாரம் சண்டையை வைப்பான்? வீட்டுக்கு வீடு கூப்பிடுறாங்க. வேண்டாம்னா செத்துப்போன பெரியவங்களை அவமதிச்ச மாதிரி. இவன் எல்லா வீட்டுலயும் தின்னான். அப்புறம் எடையைக் குறைக்கணும்னு தண்ணிகூடக் குடிக்காம காஞ்சு கிடந்தான். என் தம்பியைத் தோக்கடிச்சது க்போக்போய்தான்."

வாசலில் ஓடோயைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"ஆயுசு கெட்டியா இருக்கட்டும், அண்ணே."

"உனக்கும்டா. உள்ள வா," என்றார் லார்யே.

"வாங்கய்யா பட்டக்காரரே," என்றாள் டெடே. "இந்த வீட்டுக்கு வழி தெரிய எட்டு வருஷம் ஆச்சா?"

ஓடோய் உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு மறந்துபோயிருந்தது.

"அண்ணே, அன்னைக்கு நீங்க கிழவனா?"

சோவாவுக்குப் புரையேறியது. டெடே கரண்டியை நீட்டினாள்.

"கிழவன்னு முதமுதல்ல சொன்னவனே நீதானேடா! 'கிழவனை வீட்டுக்கு அனுப்பிட்டேன்'னு ரேடியோவுல பல்லைக் காட்டுனே. ஊரு உன் பேச்சை நம்பிடுச்சு. இப்ப வலிக்குதாக்கும்?"

"வலிக்குதுக்கா." அவன் லார்யேயைப் பார்த்தே சொன்னான். "நான் ஜெயிச்சது உங்களையா, உங்க மிச்சத்தையா? எனக்குத் தெரிஞ்சாகணும்."

லார்யே கிண்ணத்து நீரில் விரல்களைக் கழுவினார். செம்பனை எண்ணெய் நகத்தோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல் துடைத்தார்.

"அஞ்சாவது ரவுண்டுல ஒரு இடது கை விட்டேன். ஞாபகம் இருக்கா?"

இல்லாமலா? வயிற்றுக்குப் போவதுபோலப் போய்த் தாடைக்கு ஏறும் கை. அக்ராவில் அதிலிருந்து தப்பித்தவன் கிடையாது.

"அதுக்கு முந்தி அந்தக் கையை நான் அவ்வளவு சுத்தமா விட்டதில்ல. முடிஞ்சதுன்னே நெனச்சேன். பார்த்தா நீ அங்க இல்ல."

"அப்ப க்போக்போய்?" என்றாள் டெடே விடாமல்.

"தின்னேன். இவனும்தான் தின்னான். நம்ம சித்தி வீட்டுல இவன் ரெண்டாந்தரம் கேட்டு வாங்குனதை நானே பார்த்தேன்."

சோவா தொடையில் தட்டிச் சிரித்தான்.

"நான் முழுசா இருந்தேன்டா," என்றார் லார்யே. "நீ என்னைவிட நல்லா இருந்தே. ரேடியோக்காரன் வரட்டும், அவன்கிட்டயும் இதையே சொல்றேன்."

எட்டு வருடமாக ஊரே அந்த மனிதருக்கு ஒரு சாக்கை இலவசமாக நீட்டிக்கொண்டிருந்தது. வயசு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தோற்கவே இல்லை என்றாகியிருக்கும். அவர் அதைக் கை நீட்டி வாங்கவே இல்லை. மேடையில் அவரிடமிருந்து பட்டத்தை எடுத்துக்கொள்ள முடிந்தது. இதை யாராலும் எடுக்க முடியாது.

"அந்தக் கையை இன்னொரு தரம் காட்டுங்கண்ணே."

"சாப்பிட்ட வயிறுடா."

"சும்மா, விளையாட்டுக்கு."

லார்யே செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தார். நாற்பத்து நான்கு வயது; கழுத்தில் சதை போட்டிருந்தது. மண்ணில் பாதங்களை ஊன்றியதும் அந்தச் சதை காணாமல் போனது. இடது தோள் சற்றே இறங்கியது.

எங்கே புறப்படும், எங்கே திரும்பும், எல்லாம் ஓடோய்க்குத் தெரியும். நகரு என்று தலைக்குச் சொன்னான்.

தலை நகர்வதற்குள் தாடைக்குக் கீழே, தொடாமல், முஷ்டி நின்றிருந்தது.

"இன்னொரு தரம்," என்றான்.

இரண்டாம் முறையும் அது அங்கேயே வந்து நின்றது. டெடேயின் கரண்டி பானைக்குள் அசையாமல் இருந்தது. சோவா சிரிக்கவில்லை.

லார்யே கையை இறக்கினார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. பக்கத்தில் வந்து ஓடோயின் தோளில் கைபோட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"அக்டோபர்ல உன்கூட மோதப்போற அந்தப் பய... அவன் கை என் கையைவிட மெதுவாவாடா வரும்?"