சாம்பார் தூக்கில் ஒரு பூ

எங்கள் டைல்ஸ் கம்பெனியில் எந்த டிசைனைக் கேட்டாலும் பெர்ஷியா என்பார்கள், மொராக்கோ என்பார்கள். அதைச் சொல்கிறவர்கள் இந்த ஹைதராபாத்தில் பேகம்பேட்டைத் தாண்டிப் போயிருக்க மாட்டார்கள். நானும் அந்த ஜோரில் இரண்டு டிசைன் போட்டேன். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்று மேனேஜர் பிரசாத் சார் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

குழந்தைக்காக ஆறு வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவள் நான். ஆறு மாதம் தற்காலிகம். ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்துச் சுவருக்குச் சொந்தமாக ஒரு டிசைன் தேறினால்தான் நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி வீடு. வீடு ஒன்றும் மோசமில்லை. ஆனால் எனக்கு இந்த வேலை வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கம்ப்யூட்டரில் எதுவும் வராத எரிச்சலைப் பாத்திரங்கள் மேல் காட்டிக்கொண்டிருந்தேன். கழுவிக் கழுவிக் கவிழ்த்ததில் கடைசியாக ஒரு எவர்சில்வர் தூக்கு. எதிர்வீட்டு மங்களம் அக்காவுடையது. அவர் வீட்டுக்காரருக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. போன மாதம் அதில் சாம்பார் கொடுத்தனுப்பியிருந்தார். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, நல்லதாக ஏதாவது செய்து போட்டுக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். நல்லதாக எதையும் செய்யவில்லை. இட்லி மாவுக்கு அதையே வைத்துக்கொண்டுவிட்டேன்.

தூக்கின் பக்கவாட்டில், ஆணியால் தட்டியது போல் புள்ளி புள்ளியாக ஒரு பூ. ஒரு காம்பு, அதன்மேல் சின்னக் கிண்ணம், கிண்ணத்திலிருந்து மேலே தெறிக்கும் ஐந்து புள்ளிகள். ஒரு புள்ளி மட்டும் வரிசையை விட்டுக் கொஞ்சம் விலகியிருந்தது. அந்த விலகல்தான் அழகாக இருந்தது. ஒரு மாதமாக இதைத் தேய்க்கிறேனே, கண்ணை எங்கே வைத்திருந்தேன்?

ஈரக் கையோடு உட்கார்ந்து வரைந்தேன். விலகிய புள்ளியை விலகியபடியே விட்டேன்.

பிரசாத் சார் அதை வெகுநேரம் பார்த்தார். யாருடையது என்று கேட்டார். "என்னோடதுதான் சார்" என்றேன். வாய் முந்திக்கொண்டது. ஹோட்டல்காரர்களுக்கும் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை நிரந்தரம் செய்வதற்கான தாள் வந்தது. 'இந்த டிசைன் முழுக்க என் சொந்தக் கற்பனை' என்று எழுதி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். பேனாவைத் திறந்தேன், மூடினேன். வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலமே கேசரி கிளறித் தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா ஒரு வார்த்தை கூடாது என்றால் பிரசாத் சாரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். வேலை போனால் போகட்டும்.

"காய்கு, எதுக்கு இவ்ளோ சிரமம், ஷர்மி? பாத்திரத்த அப்டியே குடுத்தா நான் என்ன சொல்லப் போறேன்?" என்றார் அக்கா. ஹைதராபாத் உருது கலந்த பேச்சு அவருடையது.

"அக்கா, இந்தப் பூ யார் போட்டது?"

"எந்தப் பூ?"

கைப்பையிலிருந்து டிசைன் தாளை எடுத்துக் காட்டினேன். அக்கா தாளைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார்.

"ஹவ், ஆமா, நான்தான் தட்டினேன். எங்க பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ்ல ஒரே லைன்ல மூணு மங்களம். விசேஷம்னு வந்தா பாத்திரமெல்லாம் கலந்து போய்டும். பேர் வெட்டி என்ன பிரயோஜனம்? அதான் ஒரு அடையாளம். ஆனா இது பூ இல்ல, ஜிமிக்கி!"

தூக்கை என் பக்கம் திருப்பினார். காம்பு மேலே போய்க் கொக்கியாயிற்று. கிண்ணம் கவிழ்ந்து குடையாயிற்று. ஐந்து புள்ளிகளும் கீழே முத்தாகத் தொங்கின. கவிழ்த்து வைத்த பாத்திரத்தில் பார்த்துவிட்டுப் பூ என்று வரைந்திருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாய் முந்திக்கொண்டதிலிருந்து கையெழுத்துத் தாள் வரை எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க வேணாம்னா திங்கக்கெழமையே ஆபீஸ்ல சொல்லிடறேன்க்கா."

அக்கா டிசைனை நேராகவும் தலைகீழாகவும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பதினஞ்சு வருஷமா இதத் தேய்க்கிறேன். எனக்கு ஒரு நாளும் பூ தெரியல. ஜிமிக்கி என்னுது, பூ உன்னுது. அழ நக்கோ, அழாத."

அவர் வீட்டுச் சமையல் மேடையிலேயே ஆபீஸ் கொடுத்த நிரந்தரத் தாளை எடுத்து வைத்தேன். 'முழுக்க' என்ற சொல்லை அடித்தேன். 'எதிர்வீட்டு மங்களம் போட்ட அடையாளத்திலிருந்து' என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதற்கு ஆபீஸில் என்ன சொல்வார்களோ என்று பயமாகத்தான் இருந்தது.

அக்கா எட்டிப் பார்த்தார். "மங்களம்னு மொட்டையா போட்டா, எந்த மங்களம்னு அவங்களுக்கு எப்டி தெரியும்?"

பேனாவை வாங்கி, தன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஜிமிக்கி போட்டார்.

திங்கட்கிழமை பிரசாத் சார் நான் அடித்ததையும் எழுதியதையும் படித்தார். அந்த ஜிமிக்கியைப் பார்த்தார். தாளைத் தலைகீழாகத் திருப்பினார். பிறகு நேராக வைத்துத் தன் கையெழுத்தைப் போட்டார்.