யாரு ஜெயிச்சா

இடது கன்னத்தை முடித்துவிட்டு அவள் சவரக்கத்தியைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்.

"அப்போ, யாரு ஜெயிச்சா?"

"பேசாதீங்கப்பா. வெட்டிடும்."

"வெட்டினா ரத்தம் வரணுமே. அதுக்கெல்லாம் உள்ள சரக்கு இல்ல. நீ சொல்லு."

மூன்று வாரமாக இதே கேள்விதான். அவள் நகராட்சியின் கணக்கெடுப்புப் பிரிவில் வேலை பார்த்தாள். வேற்றுமொழி பேசும் அந்த ஊருக்குப் பிழைக்க வந்த இரண்டு கூட்டத்தார் நாற்பது ஆண்டுகளில் என்ன ஆனார்கள் என்று ஒப்பிட்டு அறிக்கை எழுதும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. அந்த இரண்டில் ஒன்று அப்பாவின் ஆட்கள், இன்னொன்று எதிர்க் கட்டடத்து ஆட்கள். பேருந்துப் பணிமனைக்கு ஆள் போதாமல் ஒரே வருஷத்தில் இரண்டு திசையிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். கடலோரத்திலிருந்து வந்த இவர்களுக்குக் கரைக்காரர்கள் என்று பெயர் விழுந்தது. அவர்கள் மலைக்காரர்கள். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டடம், அந்தப் பக்கம் ஒரு கட்டடம். ஒரே வேலை, ஒரே சம்பளம், ஒரே அளவு அறை.

அதற்கப்புறம் பாதை பிரிந்துவிட்டது. மலைக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்ததும் பணிமனையை விட்டுவிட்டுக் கடை போட்டார்கள். அண்ணன் கடையில் தம்பி, தம்பி கடையில் மச்சான் என்று அந்தத் தெருவே அவர்களுடையதானது. பிள்ளைகள் மீசை முளைப்பதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தார்கள். கரைக்காரர்கள் ஓய்வு பெறும்வரை பணிமனையிலேயே கிடந்து பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். பிள்ளைகளும் நன்றாகவே படித்தார்கள். படித்து முடித்ததும் ஆளுக்கொரு திசையில் பறந்துபோனார்கள். அவளுடைய அண்ணன் போன இடத்துக்கு இரண்டு விமானம் மாற வேண்டும். அவள் ஒருத்திதான் ஊரோடு தங்கியவள்.

"இது என்ன ஓட்டப்பந்தயமாப்பா? அவங்களுக்குச் சொந்த வீடு ஜாஸ்தி. நமக்குப் படிப்பு ஜாஸ்தி. அவ்வளவுதான்."

"மழுப்பாத. ரெண்டு கட்சி இருந்தா ஒரு கட்சி ஜெயிச்சுத்தான் ஆகணும்."

அப்பா ஜெயித்துக்காட்ட வேண்டிய எதிர்க்கட்சி ஆள் ஒருத்தர் இருந்தார். டயர்க்காரர். பணிமனையில் எட்டு வருஷம் அப்பாவோடு ஒரே குழியில் நின்று, பேருந்துக்கு அடியில் எண்ணெய் ஒழுக வேலை பார்த்த மலைக்காரர். பிறகு முனையில் டயர்க்கடை போட்டார். தமிழும் அந்தக் குழியில் அப்பாவிடம் கற்றதுதான். அதனால் வாங்க போங்க எல்லாம் அவருக்குத் தெரியாது. அப்பாவின் வசவு, அப்பாவின் இழுவை, அப்பாவின் 'அட போடா' மட்டும் தெரியும். இரண்டு பேரும் முப்பது வருஷம் சாயங்காலந்தோறும் கட்சி கட்டினார்கள். "எங்க ஆளுங்க பிள்ளை டாக்டராயிட்டான்" என்பார் அப்பா. "எங்க ஆளுங்க பிள்ளை மூணாவது கடை திறந்துட்டான்" என்பார் அவர்.

அப்பாவின் இதயம் கால்பங்குதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லி வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. இரண்டு பேரும் கட்சி மாறிவிட்டார்கள்.

"உன் ஆளுங்கதான்டா ஜெயிச்சது. என் பெரியவன் இன்னும் கையெழுத்து போடத் திணர்றான்" என்று டயர்க்காரர் ஆரம்பிப்பார்.

"கையெழுத்து போட்டு என்னத்த கிழிச்சோம்? உன் பேரப்பிள்ளைங்க தினம் உன் மடியில மூத்திரம் போகுதுங்க. என் பேரனை நான் ஃபோன்லதான் பாத்திருக்கேன்" என்பார் அப்பா.

இவர் விட்டுக்கொடுக்க, அவர் வாங்க மறுக்க, இப்படியே பொழுது போகும். அவள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

இப்போது அப்பா வலது கன்னத்துச் சோப்பு நுரையோடு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அவனுங்கதான்னு எழுதிடு" என்றார். "பாவம், சந்தோஷப்படட்டும்."

"சரிப்பா, எழுதிடறேன். தண்ணி ஆறிப்போச்சு. இருங்க, மாத்திட்டு வரேன்."

சிரித்துக்கொண்டேதான் போனாள். வெந்நீர் கொதித்து, கிண்ணத்தில் ஊற்றி, விரல் வைத்துப் பார்த்து, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விளாவி எடுத்துவர ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அப்பாவின் கண் அதே கூரையில்தான் இருந்தது. நுரை மட்டும் அங்கங்கே உடைந்து அடங்கிக்கொண்டிருந்தது. அவள் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே இரண்டு தடவை கூப்பிட்டாள். பிறகு கீழே வைத்துவிட்டு, அவர் மூக்கருகில் புறங்கையைக் கொண்டுபோனாள்.

முதலில் அண்ணனைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். விரல் டயர்க்காரரைக் கூப்பிட்டுவிட்டது.

கணக்கெடுப்புக்கான கேள்வித்தாளை முதன்முதலில் அப்பாவிடம்தான் சோதித்துப் பார்த்தாள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. "எழுது, டயர்க்காரன்" என்றார் அப்பா. உறவினரா, உங்கள் சமூகத்தவரா என்று அடுத்த வரி கேட்டது. "ரெண்டும் இல்ல" என்றார். அவள் 'மற்றவை' என்ற கட்டத்தில் குறி போட்டாள்.

அவர் கடை உடுப்போடு நாலு மாடி ஏறி வந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை போலிருக்கிறது. மூச்சு வாங்கியது. வாசலில் நின்று கட்டிலைப் பார்த்தார். நேரே குளியலறைக்குள் போனார். நெடுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. முழங்கைவரை கறுப்பு போகத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாதியில விட்டுட்டியே பாப்பா" என்றார்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பாப்பா என்று கூப்பிட இனி இவர் ஒருவர்தான்.

"தண்ணி மாத்தப் போனேன்..."

"தெரியும். அந்தக் கத்திய குடு."

காய்ந்த நுரையை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, மறுபடி சோப்புக் குழைத்துப் பூசினார். டயர் கழற்றும் அந்தத் தடித்த விரல்கள் தாடையைத் தொட்டுத் திருப்பியது, தூங்கும் குழந்தையைத் திருப்புவது போல இருந்தது. கத்தி காதோரத்திலிருந்து இறங்கியது.

"ஆடாதடா. அப்படியே இரு" என்றார் முணுமுணுப்பாக. "எப்பப் பாரு வாயத் தொறந்துகிட்டு. வேலைய முடிக்க விடு."

அது அப்பா பேசுவது. சொல் சொல்லாக, இழுவை உட்பட அப்பா பேசுவதேதான். அவள் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.

அதன் பிறகுதான் அண்ணனைக் கூப்பிட்டாள். "எனக்காக வெச்சிருக்காத. எப்படியும் நாளைக்குத்தான் வந்து சேருவேன்" என்றான். மின்மயானத்தில் அன்று மூன்று மணிக்கு இடம் இருந்தது. அதை விட்டால் மூன்று நாள் கழித்துத்தான்.

ஒரு மணிக்கு கரைக்காரர் சங்கத்தின் செயலாளர் வந்தார். பணிமனையில் அலுவலகத்தில் இருந்தவர். இஸ்திரி போட்ட சட்டையோடு, சங்கத்தில் மிச்சமிருந்த மூன்று பெரியவர்களையும் அழைத்து வந்திருந்தார். ஒருவருக்கு இடுப்பில் பட்டை, ஒருவருக்குப் போன வருஷம்தான் இதய அறுவை. மூன்றாமவர் கைத்தடியோடு வந்தார். செயலாளருக்கே முழங்கால் தகராறு. கீழே மயான வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் மேலே வந்து லிஃப்டை எட்டிப் பார்த்தார்.

"இதுல நாற்காலி நுழையும். படுக்க வெச்சுக் கொண்டுபோக முடியாது. படியிலதான் எறக்கணும். வண்டியில நான் ஒருத்தன்தாங்க. ஆறு பேராவது வேணும். ஆள் இருக்காங்களா?"

டயர்க்காரர் எழுந்து கீழே இறங்கிப் போனார்.

"நம்ம ஆளுங்களுக்குச் சொல்லியிருக்கேன். வருவாங்க" என்றார் செயலாளர்.

"யாருங்க வருவாங்க?"

அவர் கைபேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போனார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஊர் இருந்தது. ஒன்றும் இந்த ஊர் இல்லை.

அவள் ஜன்னலருகே போனாள். தெருவின் அந்தப் பக்கம் டயர்க்கடையின் கதவு இறங்கியிருந்தது. பக்கத்தில் பேட்டரிக் கடையும் மூடியிருந்தது. சுவரோரமாக டயர்க்காரர் நின்றார். அவருடைய மூன்று மகன்கள், தம்பி மகன்கள் நாலைந்து பேர். எல்லோரும் தலையை ஈரம் போட்டுச் சீவி, சட்டை மாற்றியிருந்தார்கள். யாரும் தெருவைத் தாண்டவில்லை. சும்மா நின்றார்கள்.

"அதோ ஆள் இருக்காங்க" என்றாள்.

செயலாளர் வந்து எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"வேணாம்மா. சொன்னாக் கேளு. நாப்பது வருஷம் இந்தத் தெருவுல தலை நிமிர்ந்து இருந்தோம். கடைசியில தூக்க நாலு பேர் இல்லாத கூட்டம்னு அவங்க வாயில நாம விழணுமா? உங்கப்பாவே சம்மதிச்சிருக்க மாட்டார்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் சட்டைக் காலரில் இஸ்திரிச் சூட்டில் கருகிய சின்னத் தடம் ஒன்று இருந்தது. மனைவி வெளியூரில் மகளோடு இருக்கப் போய்விட்ட பிறகு அவரே சமைத்து, அவரே தேய்த்துப் போட்டுக்கொள்கிறார்.

"நாலு பேர் இல்லாம இல்லைங்க. நாம நல்லாப் படிக்க வெச்சோம். அவங்க போயிட்டாங்க. அதுல என்ன வெக்கம்?" என்றாள். "நான் போய்க் கேட்டுட்டு வரேன்."

நாலு மாடி இறங்கித் தெருவைக் கடந்தாள். டயர்க்காரர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏன் மேல வரல?"

"அந்தச் சங்கத்து ஆளு மூஞ்சியப் பாத்தேன். உங்கப்பன் இருந்தா வாடான்னு கூப்பிடுவான். அந்த ஆளு கூப்பிடல." அவர் கட்டடத்தை ஏறிட்டுப் பார்த்தார். "கூப்பிடாத வீட்டுக்கு இத்தனை பேரை இழுத்துட்டு எப்படி வர்றது?"

"வாங்க" என்றாள். "எல்லாரும் வாங்க."

மயான வண்டியிலிருந்து மேலே கொண்டுவந்த தூக்குப்படுக்கையில் அப்பாவைக் கட்டினார்கள். முன்னால் இரண்டு மகன்கள், பின்னால் இரண்டு பேர், நடுவில் ஒரு பக்கம் அவள். மறுபக்கத்துப் பிடி காலியாக இருந்தது. சின்னவன் அதற்கு வரும்போது செயலாளர் கையை நீட்டித் தடுத்துவிட்டு, தானே பிடித்துக்கொண்டார்.

"யோவ், உன் முட்டிக்கு ஆகாது. விடு" என்றார் டயர்க்காரர்.

முப்பது வருஷத்தில் செயலாளரை யோவ் என்றவர் அப்பா ஒருவர்தான். செயலாளர் திரும்பிப் பார்த்தார். ஆனால் கையை எடுக்கவில்லை.

"ஏத்து... மெதுவா... இடப்பக்கம் எறக்கு... நில்லு." டயர்க்காரர் எல்லோருக்கும் முன்னால், அவர்களைப் பார்த்தபடி பின்னோக்கி இறங்கிக்கொண்டே குரல் கொடுத்தார். பேருந்துக்கு அடியிலிருந்து என்ஜின் இறக்கும்போது கொடுக்கும் குரல். ஒவ்வொரு திருப்பத்திலும் தலைப்பக்கத்தைத் தோளுக்கு மேல் உயர்த்தி, கைப்பிடிச் சுவரைத் தாண்டிச் சுற்ற வேண்டியிருந்தது. மூன்றாவது மாடியில் ஒரு வீட்டுக் கதவு திறந்து, யாரோ பார்த்துவிட்டு, செருப்புகளை ஓரமாக நகர்த்தினார்கள்.

"உங்கப்பா என்னைப் பாக்கறப்பல்லாம் படிடா படிடான்னுவாரு" என்றான் பெரியவன், மூச்சுக்கு நடுவே. அந்தத் தெருவில் வளர்ந்ததால் அவனுக்கும் தமிழ் அரைகுறையாக ஓடும். "போன மாசம் சொல்றாரு, நல்லவேளை நீ படிக்கலன்னு. எனக்கு ஒண்ணும் புரியல அக்கா."

இரண்டாவது மாடித் திருப்பத்தில் செயலாளரின் கால் மடங்கியது. படுக்கை ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னாலேயே வந்துகொண்டிருந்த சின்னவன் ஒரே எட்டில் தோளை அடியில் கொடுத்துவிட்டான். செயலாளரின் கையைத் தட்டிவிடவில்லை. அவர் பிடித்த பிடி அப்படியே இருக்க, பாரம் முழுக்க அவன் தோளுக்குப் போனது. வாசல்வரை அவர் தூக்கிக்கொண்டுதான் வந்தார்.

மூன்று மணிக்கு எரியூட்டினார்கள். கையெழுத்துகள் போட வேண்டியிருந்தது. 'உடன் வந்தவர்கள்' என்ற பத்தியில் பதின்மூன்று பெயர்களை எழுதினாள். சில பெயர்களுக்கு எழுத்துக் கேட்டு எழுதினாள். இத்தனை வருஷமாக அவர்களைப் பெரியவன், சின்னவன், பேட்டரி என்றுதான் தெரியும்.

திரும்பி வந்தபோது கட்டடத்து முன்படியில் செயலாளர் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். சின்னவன் கீழே குந்தி, வீங்கிய முட்டியில் மருந்து தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மெதுவாடா. இது டயர் இல்ல."

"டயர்னா இவ்வளவு சத்தம் போடாது சார்."

செயலாளர் சிரித்துவிடாமலிருக்க வேறு பக்கம் பார்த்தார்.

அவள் மேலே போனாள். கட்டிலை யாரோ சுவரோரம் தள்ளியிருந்தார்கள். தரையைக் கூட்டியிருந்தார்கள். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் டயர்க்காரர் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். புதுச் சட்டையின் மேல்பொத்தான் அவிழ்ந்திருந்தது. இரண்டு கைகளும் மடியில் மல்லாந்து கிடந்தன. சாயங்கால வெயில் நேரே முகத்தில் விழ, இமைகள் லேசாகச் சுளித்துக்கொண்டன.

கைபேசி அதிர்ந்தது. அண்ணன். ஏதோ விமான நிலையத்திலிருந்து.

அவள் சத்தமில்லாமல் போய்த் திரைச்சீலையைப் பாதிவரை இழுத்துவிட்டாள். வெயில் அவர் முகத்திலிருந்து நழுவித் தோளுக்கு இறங்கியது. பிறகு வெளியே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, படியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "சொல்லுண்ணா" என்றாள்.