தீக்குச்சி சாய்ந்த பக்கம்

அடுப்புக்கு மேலே புகைபோக்கும் சிம்னி மாட்டுகிற அன்று பெரியவள் துணிக்கடை வேலைக்கு அரைநாள் விடுப்பு சொன்னாள். "யாருக்குக் கல்யாணம்?" என்று மேலாளர் கேட்டதற்கு, "எங்க வீட்டு அடுப்புக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்கார மனம் வரவில்லை.

மூன்று வருஷம் நச்சரித்து வாங்கியது. அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் மூன்றாவது மாடியில் ஒரே வீட்டில் இருந்தார்கள், அடுப்பும் ஒன்றுதான். காலைச் சமையல் பெரியவளுடையது, மாலைச் சமையல் ஓரகத்தி சின்னவளுடையது. எதைத் தாளித்தாலும் வாசனை படுக்கையறைத் தலையணை வரைக்கும் போய்ப் படுத்துக்கொள்ளும். அலமாரி மேல் கை வைத்தால் பிசுக்கு விரலை விடாது. சுவரில் ஒரு பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது, காற்றைவிடச் சத்தத்தையே அதிகம் தள்ளும்.

இதற்கிடையில் இன்னொரு புகைச்சலும் இருந்தது. குளிர் தொடங்கியதிலிருந்து சின்னவள் சமைத்து முடித்ததும் தலைவலி என்று போய்ப் படுத்துவிடுவாள். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து சாதாரணமாக நடமாடுவாள். "பாத்திரம் சேரும்போது வர்ற தலைவலி, கழுவி வச்சதும் போயிடுது பாருங்க" என்று பெரியவள் தன் கணவனிடம் ஒருநாள் சொன்னாள். சுவருக்கும் காது உண்டே, அது சின்னவளுக்கும் எட்டிவிட்டது. அதிலிருந்து இருவருக்கும் இடையில் பேச்சு இருந்தது, சிரிப்பு இல்லை.

மெக்கானிக் சரியாக இரண்டு மணிக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். தோளில் ஏணி, கையில் துளை போடும் மெஷின். சின்னவளின் கணவன் கதவைத் திறந்து அவள் தலைக்கு மேலாகப் படிக்கட்டை எட்டிப் பார்த்தான். எதையும் இன்றே இப்போதே என்று நிற்பதால் அவனுக்கு வீட்டில் 'அவசரம்' என்றே பெயர்.

"மெக்கானிக் பின்னாடி வர்றாரா?"

"முன்னாடியே வந்துட்டேன், கொஞ்சம் வழி விடுங்க" என்றாள் அவள்.

பெரியவளுக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போனது.

அடுப்புக்கு மேலே சுவரில் அவசரம் முன்கூட்டியே பென்சிலால் நான்கு புள்ளி வைத்திருந்தான். மெக்கானிக் அளவுநாடாவை இழுத்துப் பார்த்தாள். "இவ்வளவு தாழ்வா மாட்டினா சிம்னியும் சேர்ந்து வேகும். கேஸ் அடுப்புக்கு எவ்வளவு உயரம் விடணும்னு கூட வந்த புத்தகத்துலயே போட்டிருக்கு பாருங்க." பிறகு கைக்கு அடக்கமான ஒரு கருவியைச் சுவரில் தடவிக்கொண்டே போனாள். அவனுடைய மூன்றாவது புள்ளிக்கு வந்ததும் அது கீச்சென்று கத்தியது.

"உள்ள தண்ணிக் குழாய் ஓடுது. இங்க ஓட்டை போட்டிருந்தா நீங்க சமையல் பண்ண வேணாம், நீச்சல் பழகலாம்."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

அவசரம் அசரவில்லை. மூலையில் குளியலறைக்கு வெந்நீர் கொடுக்கும் கேஸ் கீசர் இருந்தது. அதன் தலையிலிருந்து ஒரு தகரக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போனது. "சிம்னிக் குழாயையும் அதுலயே சொருகிட்டா சுவரை உடைக்க வேணாமே? வேலை சீக்கிரம் முடியும்."

"அது கீசரோட மூக்குங்க. ஒரு மூக்குல ரெண்டு பேர் மூச்சு விட முடியுமா?"

சொல்லிக்கொண்டே கீசரை நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதன் முகப்பில், மேல்விளிம்பையொட்டி, கறுப்பாகக் கரி படிந்திருந்தது. ஜன்னலைப் பார்த்தாள். இடுக்கெல்லாம் டேப் ஒட்டி அடைத்திருந்தது.

"இது யாரு ஒட்டினது?"

"நான்தான், குளிருக்கு. காலையில வெளிச்சத்துக்காக அக்கா பால்கனிக் கதவைத் திறந்து வச்சுப்பாங்க. சாயந்திரம் எல்லாத்தையும் சாத்திடுவோம்" என்றாள் சின்னவள்.

"சாயந்திரம்தான் எல்லாரும் வெந்நீர்ல குளிக்கறீங்களா?"

"ஆமா."

மெக்கானிக் மெஷினைக் கீழே வைத்தாள். "இங்க நின்னு சமைக்கறப்ப யாருக்காவது தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வர்ற மாதிரி… அப்படி ஏதாச்சும்?"

சின்னவள் பெரியவளை ஒரு பார்வை பார்த்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்படியெல்லாம் இல்லைங்க" என்றாள்.

பெரியவளுக்குச் சட்டென்று புரிந்தது. தன் நாக்குக்குப் பயந்து ஒருத்தி தன் வலியையே மறைக்கிறாள்.

"இருக்கு. அவளுக்கு இருக்கு. தினமும் சாயந்திரம். இங்கேருந்து போய்க் கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடுது" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

மெக்கானிக் பால்கனிக் கதவைச் சாத்தினாள். குளியலறை வெந்நீர்க் குழாயைத் திறக்கச் சொன்னாள். கீசர் குபீரென்று பற்றிக்கொண்டது. சிறிது நேரம் எரியவிட்டு, ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி ஊதி அணைத்து, அந்தக் கரி படிந்த விளிம்பருகே பிடித்தாள். புகை தடுமாறித் தடுமாறி மேலே குழாய்க்குள் போனது.

"இப்ப ஃபேனைப் போடுங்க."

அவசரம் சுவிட்சைத் தட்டினான். இன்னொரு குச்சி. அதன் புகை மேலே போகவே இல்லை. விளிம்பிலிருந்து திரும்பி, பாம்பு படமெடுப்பதுபோல் வளைந்து, நேராக அவர்கள் நான்கு பேரின் முகத்தைப் பார்த்து வந்தது.

"போதும்!" மெக்கானிக் ஒரே எட்டில் கீசரை அணைத்தாள். ஜன்னல் டேப்பைப் பற்றிச் சர்ரென்று உரித்தாள். கதவு திறந்தது. குளிர்காற்று உள்ளே பாய்ந்தது.

"எல்லாத்தையும் அடைச்சுட்டா ஃபேன் வெளிய தள்ற காத்துக்கு ஈடா உள்ள காத்து வர வேற வழியில்லை. அதனால கீசர் குழாய் வழியா வெளிய போக வேண்டிய விஷக்காத்தை இந்த ஃபேன் வீட்டுக்குள்ள இழுத்துக்கிட்டு இருந்திருக்கு. அதுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. கண்ணுக்கே தெரியாம ஆளைத் தூங்க வச்சிரும். இந்தச் சிம்னி அந்த ஃபேனைவிடப் பல மடங்கு இழுக்கும். பார்க்காம மாட்டியிருந்தா…" என்றாள் மெக்கானிக்.

பெரியவள் சின்னவளின் கையைப் பிடித்தாள். "நீ நடிக்கறேன்னு நெனச்சேன்டி. அன்னைக்கு நான் சொன்னது…"

"கேட்டுச்சுக்கா."

"கேட்டிருக்கும்னு தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அது இன்னும் பெரிய தப்பு."

சின்னவள் கையை விலக்கிக்கொள்ளவில்லை.

வாழ்நாளில் முதல்முறையாக அவசரத்தின் அவசரம் பயன்பட்டது. ஐந்து நிமிஷத்தில் கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டு ஆளை வரச்சொன்னான். அடுத்த ஐந்து நிமிஷத்தில் மனைவியை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினான். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், நல்லவேளை, பாதிப்பு தங்கவில்லை, இனி அந்தக் காற்றில் நிற்கக்கூடாது என்று சொல்லியனுப்பினார்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் கேஸ் ஆள் கீசருக்குப் போகும் இணைப்பைத் துண்டித்து மூடிவிட்டார். மெக்கானிக் சுவரில் புதிதாகத் துளை போட்டுச் சிம்னிக்கென்று தனிக் குழாயை வெளியே விட்டிருந்தாள். கதவுக்குக் கீழே காற்று உள்ளே வர ஒரு கம்பிவலைத் திறப்பும் வைத்தாள். "இழுக்கற காத்துக்கு ஈடா உள்ள காத்து வரணும். இதை யாரும் துணி வச்சு அடைக்கக்கூடாது" என்று அவசரத்தைப் பார்த்தே சொன்னாள். வடிகட்டித் தட்டுகளைக் கழற்றி மாட்டக் காட்டினாள். "மாசம் ஒருதரம் வெந்நீர்ல சோப்புப் போட்டு ஊறவைங்க. இதுல எண்ணெய் சேர்ந்தா விளக்குத் திரி மாதிரி. கீழ ஒரு தீ எழும்பினா போதும். எண்ணெய்ச் சட்டியை அடுப்புல விட்டுட்டுப் போன் பேசப் போகாதீங்க."

பிறகு, "ம், போடுங்க" என்றாள்.

பெரியவள் சட்டியைக் காயவைத்து ஒரு கைப்பிடி காய்ந்த மிளகாயைக் கொட்டினாள். எல்லோரும் பழக்கதோஷத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சின்னவள் பொத்தானை அழுத்தினாள். உம்மென்று ஒரு முனகல். சட்டியிலிருந்து எழுந்த நீலப்புகை ஒரு கணம் தயங்கியது. பிறகு யாரோ கூப்பிட்டதுபோல் விறுவிறுவென்று மேலேறி மறைந்தது.

யாரும் தும்மவில்லை.

"அய்யோ, போகுது பாருக்கா! போகுது!" சின்னவள் கைதட்டிக் குதித்தாள். பெரியவள் இன்னொரு கைப்பிடி போட்டாள். அவசரம் படுக்கையறைக்கு ஓடித் தலையணையை முகர்ந்து பார்த்து, "இங்க வரலை!" என்று அங்கிருந்தே கத்தினான். மெக்கானிக் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, இது என்ன வீடு என்பதுபோல் சிரித்தாள்.

புதிய கீசர் வர ஆறு நாள் ஆயிற்று. தீ முழுக்க மூடிய பெட்டிக்குள் எரிகிற வகை. அதையும் பால்கனிச் சுவரில் மாட்டினார்கள். அதுவரை எல்லோருக்கும் பச்சைத்தண்ணீர்க் குளியல்தான். குளியலறையிலிருந்து அவசரம் போட்ட கூச்சலுக்குக் கீழ்வீட்டுக்காரர் இரண்டுமுறை மேலே வந்து நலம் விசாரித்தார்.

ஏழாம் நாள் மாலை பெரியவள் வேலை முடிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து சின்னவள் கரண்டியோடு ஓடி வந்தாள். முகம் பரீட்சை முடிவு பார்த்துவிட்டு வந்த பிள்ளையின் முகம்.

"அக்கா, ஆறு தினுசு சமைச்சேன். ஆறு! தலை வலிக்கவே இல்லை!"

"நிஜமாவா?"

"சத்தியமா. பசிதான் எடுக்குது."

பெரியவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "அப்படின்னா ஏழாவதா எதையாவது பொரிப்போம் வா" என்று அவளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.