பதினெட்டடி விளக்கம்

நகரத்தின் நடுவில் ஓடும் ஆற்றுக்கு ஒரு கலங்கரை விளக்கம் இருந்தது. பதினெட்டடி உயரம். அதைக் கட்டிய வெள்ளைக்கார இன்ஜினியர் ஆற்றைக் கடல் என்று நினைத்துவிட்டார். அதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. விளக்கை ஏற்றிவிட்டார்கள். அரசாங்க விளக்கு என்பதால் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை எரியும். ஞாயிறு விடுமுறை.

அதன் காவலர் கன்னியப்பன். மனைவி நாகபூஷணத்தோடு உள்ளேயே குடியிருந்தார். தினமும் ஒரு மணிக்கு அவள் சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிடுவாள். அவர் மேலிருந்து இறங்கி வருவார். இருபத்தேழு வருடமாக மனுஷனுக்குப் பிடித்த நேரம் அது ஒன்றுதான்.

ஆடி மாதத்தில் ஒரு நோட்டீஸ் வந்தது. ஏழு நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் கட்டடம் இடிக்கப்படும்.

கன்னியப்பன் அலுவலகத்துக்குப் போனார். எழுத்தர் அம்மாள் தலை நிமிரவில்லை.

"விளக்கம் எங்க?"

"ஆத்தங்கரையில இருக்குது மேடம்."

"இங்க கொண்டாரச் சொல்லித்தானே போட்டிருக்கு?"

"பதினெட்டடி மேடம்."

"மடிச்சுக் கொண்டாந்திருக்கலாமே."

அவர் மன்னிப்புக் கேட்டார். அம்மாளுக்கு மனம் இளகியது. வரலாறு இருந்தால் அதுவே போதும் என்றாள். அவர் உள்ளதைச் சொன்னார். கப்பல் எதுவும் வந்ததில்லை. யாரும் மூழ்கியதில்லை. ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர்.

"ஒருத்தரும் சாகலைன்னா அது வரலாறு இல்லைங்க, வெறும் கட்டடம். ஒரே ஒரு பேர் குடுங்க."

அவர் வாயில் முதலில் வந்தது மனைவியின் பெயர். வந்த வேகத்தில் விழுங்கிக்கொண்டார். வெட்கமாகப் போய்விட்டது. தன் பெயரைக் கொடுத்தார்.

"எந்த வருஷம் முழுகினீங்க?"

"நீங்களே ஒண்ணு போட்டுக்குங்க."

அம்மாள் நூறு வருடம் முந்தி ஒரு தேதியைப் போட்டாள். அப்போது கன்னியப்பன் பிறந்திருக்கவில்லை. அதற்குத் தனிப் படிவம் இருந்தது. அதையும் நிரப்பினார்.

செய்தி அவருக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தது. நாகபூஷணம் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். அவருக்கு நெஞ்சு உருகிவிட்டது.

"இன்னா பூஷணம், நான் இங்கதானே நிக்கிறேன்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓர் உத்தரவைக் காட்டினாள். கணவர் பணியில் இறந்ததால், கருணை அடிப்படையில் அந்த வேலை அவளுக்கு. கட்டடமும் இடிபடாது.

"நல்லதாப் போச்சு. சாவியக் குடு, மேல போறேன்."

"வெளியாளுங்க உள்ள வரக் கூடாதுங்க."

"நான் உன் புருஷன்டி!"

"அவரு போய் நூறு வருஷம் ஆவுதுங்க."

சொல்லிவிட்டு மறுபடி அழுதாள். பொய் அழுகை இல்லை. அவரைக் கொன்றது அதுதான். கதவு சாத்தப்பட்டது.

கன்னியப்பன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் விளக்கு பத்து மணிக்கு டாணென்று எரிந்தது. அவர் காலத்தில் பத்தே கால் ஆகும். அன்றைக்கே அவர் பெயர் போட்டு ஒரு கல்வெட்டு வைத்தார்கள். படிக்க வந்தவர்கள் அவரைக் கொஞ்சம் நகரச் சொன்னார்கள். எழுத்து மறைக்கிறதாம்.

மூன்று நாள் அவர் எதுவும் சாப்பிடவில்லை. நான்காம் நாள் அவருக்கு நூறாவது திவசம். ஒரு மணிக்கு நாகபூஷணம் இலையோடு வெளியே வந்தாள். சுடுசோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அவருக்குப் பிடித்த வடை. மதில்மேல் வைத்தாள். வைத்துவிட்டு, எப்போதும் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள்.

"கா... கா..."

அவர் எழுந்து ஓடினார். ஆனால் காக்கை முந்திக்கொண்டது. வடையைக் கொத்தியது. நாகபூஷணம் கண்ணீரோடு அதைப் பார்த்துக் கும்பிட்டாள். கன்னியப்பன் இலைக்குக் கையை நீட்டினார்.

அவள் குச்சியை எடுத்தாள்.

"தள்ளி நில்லுப்பா. எங்க வூட்டுக்காரர் சாப்பிடறாரு."