ஒரு திரையில் மட்டும்

கேபிள்காரர் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போன பிறகு, டிவிக்குக் கீழே தூசி படியாத ஒரு சதுரம் மிச்சமிருந்தது. கடைசல்காரர் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். லேத் பட்டறையில் ஆர்டர் இல்லை, வாரத்தில் பாதி நாள் வந்தால் போதும் என்று முதலாளி சொன்ன அன்றே, கேபிளை நிறுத்திவிடலாம் என்றாள் மனைவி. அவர் சரி என்றார். இப்போதெல்லாம் எதற்கும் சரி என்றுதான் சொல்கிறார்.

மகள் போனதிலிருந்து அப்படித்தான். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றபோது, "இந்த வீட்ல உனக்கு யாரும் இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அந்தக் கோபம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆனால் அது போன இடத்துக்கு வேறு எதுவும் வந்து சேரவுமில்லை. பட்டறைக்குப் போனார், வந்தார், டிவி முன்னால் உட்கார்ந்தார். கேபிளில் ஒரு வசதி இருந்தது. எதையும் தேட வேண்டாம், அது பாட்டுக்கு ஓடும். எங்கோ வெள்ளம், எங்கோ தேர்தல், யாரோ ஒருத்தி அழுதுகொண்டே மாடிப்படி ஏறுவாள். அந்தச் சத்தம் இருந்த வரைக்கும் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளாதது வெளியே தெரியவில்லை.

மத்தியானம் மனைவியின் தம்பி வந்தான். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் குச்சியை டிவியின் பின்னால் சொருகினான்.

"அவ்ளோதான் மாமா. நெட்டு உங்க போன்லேர்ந்தே எடுத்துக்கும். நீங்க போடுற ரீசார்ஜோட படம் பாக்குறதும் ஓசிதான். இத்தன நாளா தொடாமயே வச்சிருக்கீங்க."

"நான் எதுவும் கேட்டு வாங்கலயே."

படம் பார்க்கும் அந்த ஆப்பைப் போனில் ஏற்றி வைத்தது மகள். வீட்டில் இருந்த காலத்தில் அவருடைய போனைப் பிடுங்கி ஏதாவது செய்துகொண்டே இருப்பாள். அதே கணக்கைத் தன் போனிலும் போட்டு வைத்திருந்தாள்.

திரையில் வெளிச்சம் வந்தது. யார் பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்குக் கீழே மூன்று வட்டங்கள். முதலாவதில் 'அப்பா' என்று எழுதியிருந்தது. இரண்டாவது 'சிட்டு'. மகளை அவர் கூப்பிடுகிற பெயர். மூன்றாவதில் ஒரு மஞ்சள் வாத்து, அதற்குக் கீழே 'குட்டி'.

மச்சினன் சட்டென்று 'அப்பா'வை அழுத்தப் போனான்.

"இரு மாப்ள. அது யாரு?"

"அது... ஏதாச்சும் தப்பா வந்திருக்கும் மாமா."

இருபது வருஷமாக அவனைத் தெரியும், அவனுக்குப் பொய் சொல்ல வராது. அவர் ரிமோட்டை வாங்கி வாத்தின் மேல் அழுத்தினார். பொம்மைப் படங்கள் வரிசையாக வந்தன. குடை பிடித்த கரடி ஒன்றின் கீழே பாதி வரைக்கும் சிவப்புக் கோடு. யாரோ பாதி பார்த்து நிறுத்தியது.

திரும்பி மனைவியைப் பார்த்தார். சமையலறைக் கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"சிட்டுவோட பொண்ணு. நடக்க ஆரம்பிச்சிடுச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

சண்டைக்குச் சொன்னது மாதிரி இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னாள். அவருக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். நெஞ்சை அடைப்பது, கண் கலங்குவது, அந்த மாதிரி. காத்திருந்து பார்த்தார், ஒன்றும் வரவில்லை. மச்சினன் செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேன் மாமா" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாளும் வேலையில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் செய்தி பார்க்கலாம் என்று டிவியைப் போட்டார். செய்தி வரவில்லை. ஒரே நேரத்தில் ஒரு திரையில் மட்டுமே பார்க்க முடியும் என்று எழுத்து வந்தது. 'குட்டி' வேறொரு கருவியில் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்திவிட்டு இங்கே பார்க்கவா? கீழே இரண்டு கட்டங்கள்: நிறுத்து, வேண்டாம். 'நிறுத்து' என்பதைச் சுற்றி ஏற்கெனவே ஒரு வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும்.

அவர் கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. இரும்புச் சீவல் பட்டுப் பட்டுக் காய்த்துப்போன விரல். தொடுகிறதா இல்லையா என்று அதற்கே தெரியாது. மெதுவாக எடுத்தார்.

மனைவி ஈரக் கையோடு வந்தாள். "என்ன, ஓடலயா?"

"பாப்பா பாக்குது."

அவள் திரையை ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு அவர் நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"சோறு போடட்டுமா?"

"அது பாத்து முடிக்கட்டும்."

பட்டறையில் ஒருவன் மெஷினுக்குள் கை விட்டுச் சரி பார்க்கும்போது, இன்னொருவன் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். உள்ளே இருப்பவன் கையை எடுக்கும் வரை தரமாட்டான். கடைசல்காரர் ரிமோட்டைத் திருப்பி, பின்மூடியைத் தள்ளி, இரண்டு பேட்டரிகளையும் நெம்பி எடுத்தார்.

"தெரியாம கை பட்டுடும்" என்றார்.

அவள் உள்ளங்கையை நீட்டினாள். அதில் வைத்தார். அவள் விரல்களை மூடிக்கொண்டாள். வெயில் நேராக விழுந்து திரையில் எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. இருவரும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் ஏதோ மூடியைத் தட்டிக்கொண்டு கொதித்தது.